ஆசிரியர் இல்லாத பாசறைகள்: கிட்ச்னரின் புதிய படை, 1914–1916

1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஜெர்மனியை எதிர்த்துப் போரில் இறங்கிய பிரிட்டனின் நிலைப்படை, கண்டத்துப் பேரரசுகள் திரட்டிய படைகளுக்கு முன்னால் ஒரு மூலைக்கும் காணாத அளவினதாக இருந்தது. ஜெர்மனியும் பிரான்ஸும் ஆண்டுதோறும் இளைஞரைக் கட்டாயமாகச் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்றி ஊருக்கு அனுப்பி, போர் மூண்டதும் திரும்ப அழைத்துக்கொள்ளும் முறையைப் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்துவந்தமையால், சில நாட்களுக்குள்ளேயே இலட்சக்கணக்கானோரைக் களத்தில் நிறுத்தின. பிரிட்டனோ தானாக முன்வந்து ஊதியத்துக்குப் பணிபுரிவோரை மட்டுமே நம்பியிருந்தது. ஏறத்தாழ 2,47,000 பேரைக் கொண்ட அந்நிலைப்படையில் பாதியளவினர் இந்தியாவிலும் பிற ஆட்சிப்பகுதிகளிலும் காவலில் இருந்தனர். உடனடியாகப் பிரான்ஸுக்கு அனுப்பக்கூடியவை ஆறு காலாட்படை டிவிஷன்களே. டிவிஷன் என்பது காலாட்படையோடு பீரங்கி, பொறியாளர், மருத்துவம், போக்குவரத்து ஆகிய பிரிவுகளையும் தன்னுள் கொண்டு, தனித்து நின்று போரிட வல்லதாய் அமைந்த, ஏறத்தாழ 18,000 பேரைக் கொண்ட அலகாகும்.

போர் தொடங்கிய மறுநாள் போர்த்துறை அமைச்சராக நியமிக்கப்பட்ட ஹெர்பர்ட் கிட்ச்னர் அரசியல்வாதி அல்லர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சூடான், தென் ஆப்பிரிக்கா, இந்தியா, எகிப்து ஆகிய இடங்களில் கழித்த படைத்தலைவர். 1902 முதல் 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தபோது, படை நிர்வாகத்தில் இறுதி அதிகாரம் யாருக்கு என்ற பூசலில் வைஸ்ராய் கர்சன் பதவி விலகும் நிலையை உண்டாக்கியவர் இவரே. கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பொதுமக்களிடம் பரவியிருந்த வேளையில், இப்போர் குறைந்தது மூன்று ஆண்டுகள் நீளும் என்றும் அதற்குப் பத்து இலட்சம் பேராவது தேவைப்படுவர் என்றும் இவர் அமைச்சரவையில் கூறியபோது அங்கிருந்தோர் திகைத்தனர். ஆகஸ்ட் 6ஆம் நாள் நாடாளுமன்றம் 5,00,000 பேரைக் கூடுதலாகச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. மறுநாள், 19 முதல் 30 வயது வரையுள்ள 1,00,000 பேரை மூன்று ஆண்டுகளுக்கோ போர் முடியும் வரையிலோ பணிபுரிய அழைக்கும் அறிவிப்பு நாளிதழ்களில் வெளியாயிற்று. ‘புதிய படை’ என்று அழைக்கப்பட்ட அமைப்பின் தோற்றம் இதுவே.

இவ்வாறு முற்றிலும் புதிதான ஒரு படையை எழுப்பவேண்டிய தேவை இருந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. முன்னாள் போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் 1908இல் உருவாக்கிய டெரிட்டோரியல் படை, அதாவது வார இறுதிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் முகாமிலும் பயிற்சி பெற்ற பகுதிநேரப் படை, மாவட்டந்தோறும் தனக்கென்று சங்கங்களையும் பயிற்சிக் கூடங்களையும் வைத்திருந்தது. ஆள் சேர்க்கவும் உடை வழங்கவும் இடம் பிடிக்கவும் அவற்றுக்குப் பழக்கம் உண்டு. ஆயினும் கிட்ச்னர் அதனை நம்பவில்லை. 1870–71 பிரான்ஸ்–பிரஷ்யப் போரின்போது இளைஞராக இருந்த அவர் பிரெஞ்சு மருத்துவப் பிரிவொன்றில் தொண்டராகச் சேர்ந்து, அரைகுறைப் பயிற்சியோடு களத்துக்கு வந்த பிரெஞ்சுப் படைகளின் நிலையைக் கண்ணால் கண்டவர் என்பது இந்த அவநம்பிக்கைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டெரிட்டோரியல் வீரர்கள் சட்டப்படி நாட்டுக்கு வெளியே செல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதும், ஜெர்மானியர் கடல் கடந்து வந்து இறங்கினால் நாட்டைக் காக்க யாரேனும் வேண்டும் என்பதும் அவர் பக்கத்து நியாயங்கள். அவை வலுவற்றவை அல்ல என்றாலும், இருந்த ஒரே விரிவாக்க இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையிலிருந்து தொடங்கியதற்கான விலையை அடுத்த குளிர்காலத்திலேயே கொடுக்க நேர்ந்தது.

முதலிரு வாரங்களில் ஓரளவாகவே வந்த கூட்டம், ஆகஸ்ட் இறுதியில் பெல்ஜியத்தின் மோன்ஸிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிய செய்தி வெளியானதும் வெள்ளமாயிற்று. செப்டம்பர் 3ஆம் நாள் மட்டும் 33,204 பேர் பெயர் பதிந்தனர். அமைதிக்காலத்தில் ஓர் ஆண்டு முழுவதும் படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 30,000 பேர்தான் என்பதை நினைத்தால் அந்நாளின் நெரிசல் விளங்கும். அம்மாதம் முழுவதிலும் சேர்ந்தோர் 4,62,901. கூட்டத்தைத் தாங்க முடியாமல் போர்த்துறை செப்டம்பர் 11இல் குறைந்தபட்ச உயரத்தை 5 அடி 3 அங்குலத்திலிருந்து 5 அடி 6 அங்குலமாக உயர்த்தியது. வரத்து உடனே வடிந்துவிட, அடுத்த இரு மாதங்களுக்குள் பழைய அளவுக்கே படிப்படியாக இறங்கியது. அளவுக்குச் சற்றுக் குறைந்தவர்களுக்கென்றே பர்க்கன்ஹெட் நகரில் ‘பேண்டம்’ பட்டாலியன்கள் தொடங்கப்பட்டமை இதன் தொடர்ச்சியாகும். சுரங்கங்களில் குனிந்து உழைத்துப் பழகிய குட்டையான வலிய உடலினர் பலர் அவற்றில் சேர்ந்தனர். 1914 முடிவதற்குள் படையில் சேர்ந்தோர் 11,80,000 பேரைத் தாண்டிவிட்டனர்.

வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு நாட்டுப்பற்று என்ற ஒரே விடையோடு நிற்பது பொருந்தாது. போர் தொடங்கியதும் பஞ்சாலைகளும் கட்டுமானத் தொழிலும் முடங்கி வேலையிழந்தோர் பலர் இருந்தனர். காலாட்படை வீரனின் நாட்கூலி ஒரு ஷில்லிங்தான் என்றாலும், உணவும் உடையும் மனைவிக்குத் தனிப்படியும் உண்டு. ஒன்றாக உழைப்போரும் ஒன்றாக விளையாடுவோரும் ஒன்றாகவே பணிபுரியலாம் என்ற வாக்குறுதி இவற்றைக் காட்டிலும் வலிமையாக வேலை செய்தது. லண்டன் பங்குச்சந்தைக்காரர்களும், அவர்களைத் தொடர்ந்து டார்பி பிரபுவின் அழைப்பை ஏற்ற லிவர்பூல் நகரத்து எழுத்தர்களும் தனித்தனிப் பட்டாலியன்களாகச் சேர்ந்தபின், இவ்வகைத் ‘தோழர் பட்டாலியன்கள்’ வடக்கு நகரங்கள் எங்கும் முளைத்தன. பட்டாலியன் என்பது ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட காலாட்படை அலகு. நான்கு கம்பெனிகளாகவும், ஒவ்வொரு கம்பெனியும் 50 பேர் அளவிலான நான்கு பிளட்டூன்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். கிளாஸ்கோவில் டிராம் ஊழியர்களுக்கு ஒன்று, பாய்ஸ் பிரிகேட் என்ற சிறுவர் இயக்கத்தின் பழைய உறுப்பினர்களுக்கு ஒன்று, வணிகர் சங்கத்தின் சார்பில் ஒன்று என மூன்று எழுந்தன. எடின்பரோவில் ஹார்ட்ஸ் கால்பந்துக் கழக ஆட்டக்காரர்கள் சேர்ந்த பட்டாலியனில் அவர்களின் இரசிகர்கள் திரண்டு சேர்ந்தனர். இவற்றைத் திரட்டிய மேயர்களும் குழுக்களுமே போர்த்துறை பொறுப்பேற்கும் வரை உடை, உணவு, இருப்பிடம் அனைத்தையும் கவனித்துப் பின்னர் செலவைப் பெற்றுக்கொண்டனர்.

ஆகவே ஆளுக்குப் பஞ்சம் இல்லை, கற்பிப்போருக்கே பஞ்சம். ஒரு நிலைப்படையில் பயிற்சி என்பது பழைய வீரன் புதியவனுக்குக் கைமாற்றித் தரும் சங்கிலித்தொடராக நடப்பது. பத்துப் பதினைந்து ஆண்டு பணியாற்றிய சார்ஜெண்ட் ஒருவரின் கீழ் சில புதியவர்கள் மட்டும் வந்து சேரும்போது, விதிநூல்களில் எழுதப்படாத எத்தனையோ காரியங்கள், எப்படிப் படுத்து எழுவது, நீரை எப்படிச் சிக்கனம் செய்வது, குண்டுச் சத்தத்தின் தன்மையிலிருந்து தொலைவை எப்படிக் கணிப்பது என்பவை, சொல்லாமலே படிந்துவிடும். 1914 ஆகஸ்டில் அந்தச் சங்கிலி இரு முனைகளிலும் அறுந்தது: கற்பிக்கத் தகுந்த அதிகாரிகளும் சார்ஜெண்டுகளும் ஏறத்தாழ முழுமையாகப் பிரான்ஸுக்குக் கப்பலேறினர், அவர்களில் பெரும்பகுதியினர் அவ்வாண்டு முடிவதற்குள் ஈப்பர் நகரைச் சுற்றி நடந்த சண்டைகளில் மாண்டோ காயமுற்றோ போயினர். சில புதியவர்களுக்கு ஒரு பழையவர் என்றிருந்த விகிதம், புதிய படையின் பிற்பகுதியில் ஒரு பட்டாலியனுக்கே விரல்விட்டு எண்ணத்தக்க பழையவர்கள் என்ற நிலைக்குத் தாழ்ந்தது.

இந்த வெற்றிடத்தை நிரப்பக் கிட்ச்னர் முதலில் கைவைத்தது இந்தியப் படையின்மீது. விடுப்பில் தாய்நாட்டுக்கு வந்திருந்த ஏறத்தாழ 500 இந்தியப் படை அதிகாரிகள் திரும்பிச் செல்லவிடாமல் நிறுத்தப்பட்டுப் புதிய பட்டாலியன்களுக்கு அனுப்பப்பட்டனர். பஞ்சாபிகளுக்கும் கூர்க்காக்களுக்கும் கட்டளையிட்டுப் பழகிய இவர்களுக்கு லங்காஷயர் ஆலைத் தொழிலாளரின் பேச்சு புரியவே சில வாரங்கள் ஆயிற்று எனினும், உண்மையான படை அறிவு கொண்டோராகக் கிடைத்தவர்களில் இவர்களே தலையாயவர். இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. 1914 இலையுதிர்காலத்தில் பிரான்ஸுக்கு வந்த இந்தியப் படைப்பிரிவுகளில் ஒரு பட்டாலியனுக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு டஜன் பேரளவில்தான் இருந்தனர். அவர்கள் விழுந்தபோது அந்த இடத்துக்கு வரவேண்டியவர்களில் ஒரு பகுதியினர், மொழியும் மனநிலையும் அறிந்தவர்கள், இங்கிலாந்தின் பயிற்சித் திடல்களில் அணிநடை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தனர். புதிய படையின் கல்விக்கு இந்தியச் சிப்பாய் செலுத்திய கட்டணம் என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

அடுத்து ஓய்வுபெற்றோர் அழைக்கப்பட்டனர். படை வட்டாரத்தில் ‘தோண்டியெடுக்கப்பட்டவர்கள்’ என்று கேலியாகக் குறிக்கப்பட்ட இம்முதிய அதிகாரிகள் பலருக்குப் போயர் போரே கடைசி அனுபவம். காலாட்படைப் பட்டாலியன் 1913இல்தான் எட்டுக் கம்பெனி அமைப்பிலிருந்து நான்கு கம்பெனி அமைப்புக்கு மாற்றப்பட்டிருந்தமையால், இவர்களின் நினைவில் இருந்த கட்டளைகளும் அணிவகுப்புகளும் காலாவதியானவையாக இருந்தன. இளநிலை அதிகாரிகளுக்கோ ஆகஸ்ட் 10ஆம் நாளிலேயே 2,000 இளைஞர்களை வேண்டி அழைப்பு வெளியாயிற்று. தனியார் உறைவிடப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 1908 முதல் இயங்கிவந்த அதிகாரிப் பயிற்சிக் குழுவில் சிறிது காலம் துப்பாக்கி தூக்கியிருந்தோர் இதில் முன்னுரிமை பெற்றனர். 1915 மார்ச்சுக்குள் அக்குழுவின் பழைய உறுப்பினர்கள் 20,000 பேருக்கு மேல் அதிகாரிகளாயினர். பத்தொன்பது வயது நிரம்பிய ஒருவர் இரவில் விதிநூலின் ஓர் இயலைப் படித்துவிட்டு, காலையில் அதனைத் தம் தந்தை வயதுள்ளோர் உட்பட ஐம்பது பேருக்கு விளக்குவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. சார்ஜெண்டு, கார்ப்பரல் பதவிகளுக்கு ஆள் தேட வழி ஏதும் இல்லாத இடங்களில், ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர், முன்பு எப்போதோ படையில் இருந்தவர், உரத்த குரல் வாய்த்தவர் என்ற அடையாளங்களே போதுமானவையாக இருந்தன.

இருப்பிடம், உடை, கருவிகள் ஆகியவற்றின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நாட்டின் படைக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 1,75,000 பேருக்கே இடமிருந்தது. சில நூறு பேருக்கென அமைந்த ரெஜிமெண்ட் தலைமையிடங்களில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து, தட்டும் போர்வையும் இன்றி வெட்டவெளியில் உறங்கினர். கூடாரங்களில் இலையுதிர்காலம் கழிந்தபின் பெய்த அடைமழையில் தென்கடற்கரை முகாம்கள் சேற்றுக்குளங்களாயின. மரக்குடில்கள் கட்டும் பணி, மரமும் தச்சரும் கிடைக்காமல், தச்சர்களே படையில் சேர்ந்துவிட்டமையால், தேங்கியது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த சில பட்டாலியன்களில் வீரர்கள் தொழிற்சங்க வழக்கப்படியே அணிவகுப்புக்கு வர மறுத்து நிலைமை சீராகும் வரை நின்றதும் உண்டு. படைச் சட்டப்படி கலகம் என்று கருதத்தக்க இச்செயலை மேலதிகாரிகள் பெரும்பாலும் பேசித் தீர்த்தனர் என்பதிலிருந்து, இவர்களைப் பழைய சிப்பாய்களைப்போல நடத்த முடியாது என்பது விரைவிலேயே உணரப்பட்டமை தெரிகிறது. அக்குளிர்காலத்தில் இலட்சக்கணக்கானோர் பொதுமக்களின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். கடலோர விடுதி நகரங்களின் வீட்டுக்காரப் பெண்கள் சமைத்துப் போட்ட உணவில் வீரர்களின் உடல் தேறியது என்றாலும், ஒரு கம்பெனி பல தெருக்களில் சிதறிக் கிடந்தமையால் பயிற்சி நேரம் குறைந்தது.

உடையில் காக்கித் துணி கிடைக்காமல், அஞ்சல் துறையின் கிடங்குகளில் இருந்த நீலக் கம்பளித் துணியைப் போர்த்துறை எடுத்துக்கொண்டது. ‘கிட்ச்னர் நீலம்’ என்று பெயர் பெற்ற அவ்வுடையில் தாங்கள் தபால்காரர்களைப்போலவும் சிறைக்கைதிகளைப்போலவும் தோன்றுவதாக வீரர்கள் வெட்கப்பட்டனர். வேல்ஸ் டிவிஷனுக்கு உள்ளூரில் நெய்த சாம்பல் நிறத் துணி வழங்கப்பட்டது. துப்பாக்கிகளில் சுடத் தகுந்தவை அனைத்தும் பிரான்ஸுக்குச் சென்றமையால் பழைய லீ-மெட்ஃபோர்டுகளும், சுட இயலாதபடி துளையிடப்பட்ட பயிற்சித் துப்பாக்கிகளும், ஜப்பானிலிருந்து வாங்கியவையும், அவையும் இல்லாதபோது மரத்தால் செதுக்கியவையும் கைமாறின. பீரங்கி வீரர்கள் பழைய வண்டிச் சக்கரங்களின்மேல் ஏற்றிய மரத்துண்டுகளைப் பீரங்கியாகப் பாவித்துப் பயின்றனர். குறி கணிப்பதும், வெடிதிரியின் நேரத்தை அமைப்பதும், குதிரைகளை மேடுபள்ளங்களில் செலுத்துவதும் பாவனையால் கைவரக்கூடியவை அல்ல என்பதை அவர்களின் அதிகாரிகள் அறிந்தே இருந்தனர்.

போர்த்துறை வகுத்த பாடத்திட்டம் ஆறு மாதங்களுக்கானது. முதலில் தனிவீரனின் உடற்பயிற்சி, அணிநடை, துப்பாக்கி சுடுதல். பின்னர் பிளட்டூன், கம்பெனி. அதன்பின் பட்டாலியன், நான்கு பட்டாலியன் சேர்ந்த பிரிகேட், இறுதியில் டிவிஷன் எனச் சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்கு அது ஏறிச்சென்றது. காகிதத்தில் குறைசொல்ல இயலாத இத்திட்டம் திடலில் வேறு வடிவம் கொண்டது. துப்பாக்கி இல்லாத இடத்தில் சுடுதலைக் கற்பிக்க முடியாது. நிலவரைபடமும் பைனாகுலரும் இல்லாத இடத்தில் வேவுபார்த்தலைக் கற்பிக்க முடியாது. எதுவும் இல்லாதபோதும் கற்பிக்கக்கூடியவை அணிநடை, சுவீடன் முறை உடற்பயிற்சி, நெடுநடை, மண்வெட்டியால் அகழி தோண்டுதல் ஆகிய நான்குமே. முதிய சார்ஜெண்டுகளுக்கு நன்கு தெரிந்தவையும் இவையே. ஆகவே புதிய படையின் கல்வி இவற்றில் கனத்து மற்றவற்றில் மெலிந்தது. பிற்காலத்தில் அந்த அணிநடையைப் பழமைவாதப் பிடிவாதத்தின் அடையாளமாகக் காட்டியோர், அதன் மிகுதிக்கு வறுமையே பெரும் காரணம் என்பதைக் கவனிக்கத் தவறினர்.

அவ்வணிநடையைப் பயனற்றதென்று தள்ளிவிடுவதும் சரியன்று. எழுத்தர்களும் நெசவாளர்களும் ஒரு சொல்லுக்கு ஒருங்கே திரும்பப் பழகுவது, களைப்பிலும் அச்சத்திலும் தம் விருப்பத்தைத் தள்ளிவைத்துக் கட்டளைக்கு இசைவதற்கான முதற்படி என்று அக்காலப் படைகள் அனைத்துமே நம்பின. முதுகில் சுமையேற்றி 15, 20 மைல் நடந்த நெடுநடைகள் நகரத்து உடல்களை உண்மையிலேயே மாற்றின. வறுமையில் வளர்ந்த தொழிலாளர் பலருக்கு நாள்தோறும் இறைச்சியோடு கூடிய உணவு கிடைத்தது வாழ்க்கையில் அதுவே முதன்முறை. சில மாதங்களில் மார்பு விரிந்து எடை கூடினர். லீட்ஸ் பட்டாலியன் கோல்ஸ்டர்டேல் பள்ளத்தாக்கிலும், ஷெஃபீல்டு பட்டாலியன் நகருக்கு மேலுள்ள ரெட்மயர்ஸ் மேட்டுநிலத்தின் காற்றிலும் பனியிலும் கழித்த குளிர்காலம் அவற்றின் ஒற்றுமையைக் கட்டியது. பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியரும் கடைநிலை வீரர்களாக நின்ற இத்தகைய அணிகளில், ஏன் என்று கேட்டு விளங்கிக்கொண்டால் எதையும் விரைந்து கற்கும் திறன் பழைய நிலைப்படையைக் காட்டிலும் மிகுதி. சிக்கல் என்னவெனில், ஏன் என்பதைச் சொல்லத் தெரிந்தவர் அங்கு எவரும் இலர்.

துப்பாக்கி சுடுதலில் நேர்ந்த இழப்பை எண்களால் காட்டலாம். போருக்கு முந்தைய நிலைப்படை வீரன் ஹைத் நகரப் பள்ளி வகுத்த முறையில் நிமிடத்துக்கு 15 குறிபார்த்த குண்டுகளைச் சுடுவான். 1914இன் இலையுதிர்காலத்தில் ஜெர்மானியத் தாக்குதல்களைத் தடுத்து நிறுத்தியதில் இத்திறனுக்குப் பெரும் பங்குண்டு. புதிய படையில் அது கைவிடப்பட்டது. தோழர் பட்டாலியன்கள் பலவற்றின் கைக்கு முறையான துப்பாக்கி 1915இன் பிற்பகுதியில்தான் வந்தது. சுடுதிடலில் அவற்றைப் பழகிக் கப்பலேறுவதற்குச் சில வாரங்களே எஞ்சின. இதற்கிடையில் போர்முறையே மாறிப்போயிருந்தது. அகழிச் சண்டையில் கையெறி குண்டு முதன்மை பெற, ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தை அடைத்துச் சமாளித்த நிலைக்கு 1915இல் வந்த மில்ஸ் குண்டு முடிவுகட்டியது. எடை குறைந்த லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி பட்டாலியன்களுக்கு வழங்கப்பட்டது. வெட்டவெளிப் போருக்கான விதிநூலைக் கடும் முயற்சியோடு கற்றுமுடித்தவர்கள், கடல் கடந்ததும் எதாப்பிள் மணல்மேடுகளில் ‘காளைத்திடல்’ என்று வெறுப்போடு அழைக்கப்பட்ட பயிற்சிக்களத்தில், மஞ்சள் கைப்பட்டை அணிந்த பயிற்றுநர்களிடம் மீண்டும் பாலபாடம் தொடங்கவேண்டியதாயிற்று.

பயிற்சியின் அளவு எந்த அளவுக்கு விளைவைத் தீர்மானித்தது என்பதை 1915 செப்டம்பரில் லோஸ் நகரருகே நடந்த சண்டை அருகருகே வைத்துக் காட்டியது. 25ஆம் நாள் முதல் தாக்குதலில் இறங்கிய 9ஆம், 15ஆம் ஸ்காட்டிஷ் டிவிஷன்கள் இரண்டும் புதிய படையைச் சேர்ந்தவையே. பிரான்ஸுக்கு வந்து, அனுபவமிக்க அணிகளோடு அகழிகளில் இருந்து பழகியிருந்த அவை பேரிழப்போடு என்றாலும் எதிரியின் முதல் வரிசையை உடைத்தன. லோஸ் ஊரைப் பிடித்தது 15ஆம் டிவிஷன். அன்றிரவு அவர்களுக்குப் பின்னால் கொண்டுவரப்பட்ட 21ஆம், 24ஆம் டிவிஷன்களோ அம்மாதத் தொடக்கத்தில்தான் பிரான்ஸில் இறங்கியவை; ஓர் அகழியையும் பார்த்ததில்லை; பல இரவுகள் தொடர்ந்து நடத்தி அழைத்துவரப்பட்டமையால் களைத்தும் பசித்தும் இருந்தன. மறுநாள் பட்டப்பகலில், அறுபடாத முள்கம்பி வேலியை நோக்கி, பீரங்கித் துணை போதாமல் அனுப்பப்பட்ட அவ்விரு டிவிஷன்களிலும் சில மணிநேரத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். இருப்பிலிருந்த இவற்றைத் தாமதமாக விடுவித்தார் என்ற பழியே பிரான்ஸிலிருந்த பிரிட்டிஷ் படையின் தளபதி ஜான் ஃபிரெஞ்சின் பதவியைப் பறித்து டக்ளஸ் ஹெய்கை அவ்விடத்தில் அமர்த்தியது. அவ்வீரர்கள் கோழைகளாகச் சிதறினர் என்ற பேச்சும் சிறிது காலம் உலவியது; அனுப்பியவர்களுக்கு வசதியான விளக்கம் அது.

லோஸ் விட்டுச்சென்ற கசப்பான முடிவு, புதிய வீரர்கள் தாமாக எதையும் செய்ய இயலாதவர் என்ற எண்ணமாக மேல்மட்டத்தில் உறைந்தது. 1916 மே மாதத்தில் தளபதி ராலின்சனின் நான்காம் படைத் தலைமையகம் வெளியிட்ட போர்முறைக் குறிப்புகள், இப்போதைய அதிகாரிகளிடமும் வீரர்களிடமும் நீண்ட பயிற்சியால் வரும் படை அறிவு இல்லை என்று வெளிப்படையாகவே கூறி, ஆகவே திட்டம் எளிதாகவும் கட்டளை நுணுக்கமாகவும் இருக்கவேண்டும் என்று வலியுறுத்தின. ஜூலை 1ஆம் நாள் சோம் ஆற்றங்கரையில் நடந்த தாக்குதலை, அதற்கு முன்பே, ஜூன் 5ஆம் நாள், ஆர்க்னி தீவுகளுக்கு அப்பால் போர்க்கப்பலோடு மூழ்கி மறைந்த கிட்ச்னர் பார்க்கவில்லை. ஜூலை 1 அன்று ஒரே நாளில் 57,470 பேர் வீழ்ந்தனர்; அவர்களில் 19,240 பேர் உயிரிழந்தோர். செர் கிராமத்தை நோக்கி ஏறிய ஆக்ரிங்டன் பட்டாலியனின் ஏறத்தாழ 700 பேரில் 584 பேர் முதல் அரைமணி நேரத்திலேயே மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் பட்டியலில் சேர்ந்தனர். தோழர்களை ஒன்றாகச் சேர்த்த ஏற்பாடு, துயரத்தையும் ஒரே ஊரின் ஒரே தெருக்களில் கொண்டுவந்து கொட்டியது.

பயிற்சியற்ற வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து மெதுவாக நடந்து சென்று மடிந்தனர் என்பது இந்நாளைப் பற்றிய வழக்கமான சித்திரம். ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர்களான ராபின் பிரையரும் டிரெவர் வில்சனும் முதல் அலையில் இறங்கிய 80 பட்டாலியன்களின் பதிவுகளை ஆராய்ந்து, அவ்வாறு சீரான நடையில் சென்றவை 12 அளவிலேயே என்றும், பெரும்பாலானவை முன்கூட்டியே எதிரியின் வேலியருகே ஊர்ந்துசென்று காத்திருந்தவை என்றும் காட்டியுள்ளனர். தோல்விக்கு முதற்காரணம் பீரங்கியே: ஒரு வாரம் பொழிந்த ஏறத்தாழ 15 இலட்சம் குண்டுகளில் வெடிக்காதவை ஏராளம், ஆழ்ந்த நிலவறைகளைத் தகர்க்கத்தக்க கனத்த குண்டுகள் சொற்பம். மரத்துண்டுகளில் பயின்ற பீரங்கி வீரர்களுக்கும், அவசரத்தில் விரிவாக்கப்பட்ட வெடிமருந்து ஆலைகளுக்கும் இதில் பங்குண்டு.

இந்நாளின் இருண்ட கணக்கில் தென்முனை மட்டும் வேறாக நிற்கிறது. மான்டோபன் கிராமத்தைச் சுற்றி 18ஆம், 30ஆம் டிவிஷன்கள் தமக்குக் குறித்த இலக்குகள் அனைத்தையும் கைப்பற்றின. இரண்டுமே புதிய படையினுடையவை. 30ஆவது லிவர்பூல், மான்செஸ்டர் தோழர் பட்டாலியன்களைப் பெரும்பகுதியாகக் கொண்டது. அருகிலிருந்த பிரெஞ்சுக் கனரகப் பீரங்கிகளின் துணை இவ்வெற்றிக்குப் பெரிதும் உதவியது என்பதைச் சொல்லியாகவேண்டும். எனினும் 18ஆம் டிவிஷனின் தலைவர் ஐவர் மாக்ஸ், 1914 அக்டோபரில் அப்பொறுப்பை ஏற்ற நாள்முதல் பயிற்சியையே தம் தொழிலாகக் கருதியவர். அதிகாரிகளுக்கு முதலில் கற்பித்தால் அவர்கள் வீரர்களுக்குக் கற்பிப்பர் என்ற எளிய கொள்கையில் நின்று, இளநிலை அதிகாரிகளை அழைத்துத் தாமே வகுப்பெடுத்து, பிளட்டூன் தலைவர் தம் ஐம்பது பேரைத் தாமே பயிற்றவேண்டும், அப்பொறுப்பைச் சார்ஜெண்டிடம் தள்ளிவிடக்கூடாது என்று வற்புறுத்தினார்; தாக்குதலுக்கு முன்னர், எதிரியின் அகழி அமைப்பை வரிவரியாகக் குறித்த நிலத்தில் பட்டாலியன்கள் மீண்டும் மீண்டும் ஒத்திகை பார்த்தன. அவருடைய வீரர்களும் மற்றவர்களைப்போலவே மரத் துப்பாக்கியிலும் நீல உடையிலும் தொடங்கியவர்களே. அதே டிவிஷன் ஜூலை 14இல் துரோன் காட்டையும், முதல் நாளில் பிற படைகளுக்கு வளைந்துகொடுக்காத தியெப்வாலைச் செப்டம்பர் இறுதியிலும் பிடித்தது.

பயிற்றுநர் பற்றாக்குறையைப் போர்த்துறை உண்மையில் கையாளத் தொடங்கியது 1916 பிப்ரவரியில், பட்டாளத்திலிருந்தே தேர்ந்தெடுத்தவர்களை நான்கு மாதங்கள் பயிற்றி அதிகாரிகளாக்கும் கேடட் பட்டாலியன்களைத் திறந்தபோதுதான். அதற்குள் 30 டிவிஷன்களாக வளர்ந்திருந்த புதிய படையின் பெரும்பகுதி கடல் கடந்துவிட்டது. 24 இலட்சத்தைத் தாண்டிய தன்னார்வலர்களின் வரத்து வற்றி, 1916 ஜனவரியில் கட்டாயச் சேவைச் சட்டமும் நிறைவேறியிருந்தது. சோம் கற்றுத்தந்தவை 1917 பிப்ரவரியில் ‘எஸ்.எஸ். 143’ என்ற எண்ணிட்ட கையேடாக அச்சேறின. துப்பாக்கி வீரர், குண்டெறிவோர், துப்பாக்கிவழிக் குண்டு செலுத்துவோர், லூயிஸ் துப்பாக்கி இயக்குவோர் என நான்கு செக்‌ஷன்களாக அமைந்த பிளட்டூன், மேலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திராமல் தன் வலிமையாலேயே எதிரியின் நிலையைச் சுற்றிவளைத்துக் கைப்பற்றும் முறையை அது படங்களோடு விளக்கியது. 1916இல் எழுத்தர்களாலும் நெசவாளர்களாலும் இயலாதென்று கருதப்பட்ட காரியத்தை, கட்டாயத்தால் சேர்க்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதினரிடம் படை இப்போது எதிர்பார்த்தது. 1918 கோடையில் பிரான்ஸிலிருந்த பிரிட்டிஷ் படை முழுவதற்கும் பயிற்சித் தலைமை ஆய்வாளர் என்ற பதவி உருவாக்கப்பட்டபோது அதில் அமர்த்தப்பட்டவர் ஐவர் மாக்ஸ்.